இவான் மகன் இவானோவ், இவான் ஊர் இவானோவோ

முதலில் கேள்வி. சதுரங்கப் பைத்தியமான நண்பர் ஒருவர் கேட்டார்: “காஸ்பரோவ், கார்ப்போவ், தொபாலோவ் என்று ஆட்டக்காரர்கள். வரைபடத்தை விரித்தால் ல்வோவ், க்ராக்கோவ், சராத்தோவ் என்று ஊர்கள். ஆளும் ஊரும் ஏன் ஒரே மாதிரி முடிகின்றன? ‘ஓவ்’ என்றால் மகனா, ஊரா? விளாதிமிர், ஸ்தனிஸ்லாவ் போன்ற பெயர்களுக்கு அர்த்தம் உண்டா, இல்லை சும்மா ஓசைதானா?”

கடைசிக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். ‘ஓவ்’ என்பது மகனும் இல்லை, ஊரும் இல்லை. ‘உடைய’ என்பதுதான் அதன் பொருள். ‘கண்ணனது’ என்று ஒருவர் சொன்னால், அடுத்து என்ன வரப்போகிறது என்று நம் காது காத்திருக்கும். கண்ணனது மகன், கண்ணனது வீடு, கண்ணனது கோட்டை. ஸ்லாவியர்கள், அதாவது ரஷ்யர், உக்ரைனியர், போலந்துக்காரர், செக்காரர், பல்கேரியர் போன்ற உறவு மொழிக்காரர்கள், அந்த அடுத்த சொல்லை விழுங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். மகனை விழுங்கினால் மிஞ்சுவது குடும்பப் பெயர். கோட்டையை விழுங்கினால் மிஞ்சுவது ஊர்ப்பெயர். ஆகவே இந்தப் பெயர்கள் எதைப் பார்த்தாலும் ‘யாருடைய?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பூட்டு அங்கேயே திறந்துவிடும்.

ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் ‘உடைய’ யாருக்காகவும் மாறாது. ஸ்லாவிய மொழிகளில் பின்னால் வரும் சொல் ஆண்பாலா, பெண்பாலா, இரண்டுமில்லாத மூன்றாம் பாலா என்பதைப் பொறுத்து அது வாலை மாற்றிக்கொள்ளும். இவானின் மகன் இவானோவ். மகள் இவானோவா. கிராமத்தைக் குறிக்கும் ‘ஸெலோ’ மூன்றாம் பால். அதனால் இவானின் கிராமம் இவானோவோ. மாஸ்கோவுக்கு வடகிழக்கே இவானோவோ என்று ஒரு பெரிய நகரமே இருக்கிறது, ஜவுளி ஆலைகளுக்குப் பேர்போனது. விண்வெளிக்குப் போன முதல் பெண் வாலெந்தினா தெரெஷ்கோவாவின் அப்பா தெரெஷ்கோவ். நம் பிள்ளைகள் பலர் ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போய் இறங்கும் ஷெரெமெத்யெவோ விமான நிலையத்தின் பெயரும் இதே கணக்குதான்: ஷெரெமெத்யெவ் பிரபுக்களின் நிலம் இருந்த இடம்.

‘உடைய’ என்பதற்கு இன்னொரு ஒட்டும் உண்டு: ‘இன்’. பெயர் ‘ஆ’ என்று முடிந்தால் ‘ஓவ்’ வராது, ‘இன்’ வரும். ஃபொமா (நம்முடைய தோமா) மகன் ஃபொமின், இல்யா மகன் இல்யின். 15-ஆம் நூற்றாண்டில் த்வேர் நகரத்திலிருந்து கிளம்பி, கடல் கடந்து பீதர் வரை வந்து குறிப்பெழுதிய வணிகர் அஃபனாசி நிகிதினைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நிகிதின் அவருடைய குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் காலத்தில் அது வெறும் ‘நிகிதாவின் மகன் அஃபனாசி’. நம் ஊர்த் தலைப்பெழுத்து மாதிரி ஒரு தலைமுறைக்கு மட்டும் ஆயுள் உள்ள ஒட்டு. அது பேரன், கொள்ளுப்பேரன் வரை உறைந்து நின்ற பிறகுதான் குடும்பப் பெயராயிற்று.

இந்த ‘இன்’னுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ரஷ்யக் கவிஞர் புஷ்கின். ‘புஷ்கா’ என்றால் பீரங்கி. பீரங்கி என்ற பட்டப்பெயர் கொண்ட கிரிகோரி என்ற முன்னோரின் வழிவந்த குடும்பம் புஷ்கின். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் புஷ்கினோ என்று ஒரு ஊர் இருக்கிறது. கவிஞர் நினைவாக வைத்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை, அது அந்தப் பழைய பீரங்கிக்காரரின் ஊர் என்பதே மரபு. கவிஞரின் நினைவாக வைத்த ஊர் வேறு: பீட்டர்ஸ்பர்க் அருகிலிருந்த ஜாரின் அரண்மனை ஊருக்கு, கவிஞர் இறந்து நூறாண்டு ஆன 1937-இல் புஷ்கின் என்று பெயர் சூட்டினார்கள். ஒரு ‘ஓ’ கூடினால் ஊர் மாறிவிடும், ரயிலில் சீட்டு எடுக்கும்போது கவனம் வேண்டும்.

தமிழ்நாட்டுத் தெருக்களிலும் இந்த ஒட்டு நடமாடுகிறது. நம்மூர் லெனின்களின் பெயர் சைபீரியாவில் ஓடும் லேனா என்ற ஆற்றிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். லேனா + இன், ‘லேனாவுடைய’. ஸ்டாலினில் இருப்பது ‘ஸ்தால்’, எஃகு. இரண்டும் தலைமறைவு வாழ்க்கையில் வைத்துக்கொண்ட புனைபெயர்கள், ஆனால் அசல் ரஷ்யக் குடும்பப் பெயர் போல ஒலிப்பதற்காக ‘இன்’ ஒட்டப்பட்டது. மு. க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. அந்த ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. அங்கே குடும்பப் பெயராக நின்றது இங்கே தொட்டிலில் இட்ட பெயரானது. ரஷ்யர்களிடம் இதைச் சொன்னால் ஒரு கணம் விழிப்பார்கள், பெயரைக் கேட்டதற்காக அல்ல, குடும்பப் பெயரை யாராவது குழந்தைக்கு வைப்பார்களா என்று.

இனி ஊர்களுக்கு. ல்வோவ் என்பது லெவ் என்பவருடையது. லெவ் என்றால் சிங்கம். கலீசியாவின் அரசர் தனீலோ தன் மகன் லெவ் பெயரில் கட்டிய நகரம், ஏடுகளில் முதலில் தென்படுவது 1256-இல். ரஷ்யர்களுக்கு அது ல்வோவ், போலந்துக்காரர்களுக்கு ல்வூஃப், அங்கேயே வாழும் உக்ரைனியர்களுக்கு ல்வீவ். ‘ஓவ்’ உக்ரைனிய வாயில் ‘ஈவ்’ ஆகிவிடும், கார்க்கோவ் கார்க்கீவ் ஆனது போல. க்ராக்கோவ் என்பது க்ராக் என்ற புராண அரசனுடையது. கீவ் என்பது கீ என்பவனுடையது. கீ, ஷ்செக், கொரீவ் என்று மூன்று அண்ணன் தம்பிகள், லீபித் என்று ஒரு தங்கை. மூத்தவன் பெயரால் ஊர் எழுந்தது என்று 12-ஆம் நூற்றாண்டு வரலாற்றேடு கதை சொல்கிறது. கதை உண்மையோ இல்லையோ, இலக்கணம் உண்மை: ஊர்ப்பெயரே ‘கீயுடைய’ என்றுதான் சொல்கிறது.

ஆனால் வாலைப் பார்த்து மட்டும் முடிவு கட்டினால் ஏமாறுவோம். நண்பர் சொன்ன சராத்தோவ் யாருடையதும் இல்லை. துருக்கிய மொழிகளில் ‘சாரி தாவ்’, மஞ்சள் மலை, என்பதுதான் பெரும்பாலோர் ஏற்ற விளக்கம். அதே வோல்கா ஆற்றில் இன்னும் கீழே வந்தால் த்ஸாரீத்ஸின். கேட்டதும் ‘மகாராணியுடையது’ என்று தோன்றும்; ரஷ்யர்களுக்கே அப்படித் தோன்றியதால்தான் பெயர் அந்த வடிவத்துக்கு வந்தது. அடியில் இருப்பது ‘சாரி சூ’, மஞ்சள் நீர். அந்த மஞ்சள் நீர் ஊர் 1925-இல் ஸ்டாலின்கிராத் ஆகி, 1961-இல் வோல்கோகிராத் ஆனது.

‘ஓவ்’, ‘இன்’ இரண்டையும்விடப் பழைய ஒட்டு ஒன்று உண்டு. அதைக் கண்ணால் பார்ப்பது கடினம். பெயரின் கடைசி மெய்யெழுத்தை மிருதுவாக்கிவிட்டு அது மறைந்துவிடும். யாரொஸ்லாவ் என்ற இளவரசன் கட்டிய நகரம் யாரொஸ்லாவ்ல். அந்தக் கடைசி ‘ல்’ வேறொன்றுமில்லை, ‘உடைய’ தான். மரபு அந்த நகரத்துக்கு 1010 என்று ஆண்டு சொல்கிறது. விளாதிமிர் என்ற நகரத்திலும் இதே ஒட்டு ஒரு காலத்தில் இருந்தது. கடைசி ‘ர்’ மிருதுவாக ஒலித்தால் நகரம், கெட்டியாக ஒலித்தால் ஆள். பிறகு ‘ர்’ கெட்டிப்பட்டுவிட்டது. இப்போது ஆளுக்கும் ஊருக்கும் ஒரே பெயர். போலந்தின் போஸ்னான் நகரம் போஸ்னான் என்பவனுடையது. ‘அறியப்பட்டவன்’ என்று பொருள். வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தில் ஒளிந்திருப்பவன் வ்ராத்திஸ்லாவ். செக் மொழியில் அந்த நகரத்தை இன்றும் வ்ராத்திஸ்லாவ் என்றே சொல்கிறார்கள். ஜெர்மானியர் வாயில் அது ப்ரெஸ்லாவ் ஆகி, 1945-க்குப் பிறகு திரும்ப வ்ரோத்ஸ்வாஃப் ஆயிற்று.

ஸ்கோடா கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்தக் கார் பிறக்கும் செக் ஊரின் பெயர் ம்லதா போலெஸ்லாவ், ‘இளைய போலெஸ்லாவூர்’ என்று தமிழில் சொல்லலாம். ‘மூத்த’ போலெஸ்லாவூரும் உண்டு, செக் நாட்டை ஆண்ட தூய வாத்ஸ்லாவை அவருடைய தம்பியின் ஆட்கள் வெட்டிச் சாய்த்த இடம். அந்தத் தம்பியின் பெயர்தான் போலெஸ்லாவ். ஸ்கோடாவைச் செக்காரர்கள் ‘ஷ்கோதா’ என்பார்கள்; அந்தக் குடும்பப் பெயருக்கு அர்த்தம் கேட்டால் சிரிப்பு வரும்: சேதம், நஷ்டம். செக் மொழியில் ‘ஐயோ பாவம்’ என்பதற்கும் அதே சொல்தான். கார் கம்பெனிக்கு இப்படி ஒரு பெயர் நம்மூரில் நிலைத்திருக்காது.

சரி, விளாதிமிருக்கும் ஸ்தனிஸ்லாவுக்கும் அர்த்தம் உண்டா? உண்டு, ஆனால் வாக்கியமாகக் கோத்துப் படிக்கக் கூடாது. பழைய ஸ்லாவியப் பெயர்கள் இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்தவை. ‘ஸ்லாவ்’ என்றால் புகழ். அந்தச் சொல்லின் வேர் ‘கேட்கப்படுதல்’. நாலு பேர் காதில் விழுவதுதான் புகழ். வடமொழியின் ‘சிரவணம்’ அதே வேர். கிரேக்கப் பெயர்களான சோஃபக்ளீஸ், பெரிக்ளீஸ் இரண்டிலும் வாலாக நிற்கும் ‘க்ளீஸ்’ அதே வேர். முன்னால் யார் (வேகம், ஆவேசம்) சேர்த்தால் யாரொஸ்லாவ்; ம்ஸ்தி (பழிவாங்கல்) சேர்த்தால் ம்ஸ்திஸ்லாவ்; போலெ (மிகுதி) சேர்த்தால் போலெஸ்லாவ். அப்பன் பெயரில் ஒரு துண்டு, பாட்டன் பெயரில் ஒரு துண்டு என்று எடுத்துப் பேரனுக்கு ஒட்டுவதும் நடந்தது. அதனால்தான் சில பெயர்கள் விசித்திரமாக இருக்கும். போலந்தின் காஸிமிர் என்ற அரசப் பெயரைத் துண்டு துண்டாகப் படித்தால் ‘சமாதானத்தைக் கெடுப்பவன்’. எந்தத் தாயும் அப்படி நினைத்து வைத்திருக்க மாட்டாள். அந்தப் பெயர் கொண்ட மூன்றாம் காஸிமிர், ‘மாபெரும்’ என்ற அடைமொழியால் புகழப்பட்டவர், 1335-இல் க்ராக்கோவுக்கு ஒட்டிப் புதிதாக ஒரு நகரம் நிறுவித் தன் பெயரையே வைத்தார். இன்று அது க்ராக்கோவின் பழைய யூதப் பகுதியாகப் பயணிகள் கூடும் கஸிமியெஷ்.

‘மிர்’ என்பதற்கு இன்றைய ரஷ்ய மொழியில் சமாதானம் என்றும் உலகம் என்றும் பொருள். அதனால் விளாதிமிர் என்றால் ‘உலகை ஆள்பவன்’ என்று எல்லா இடங்களிலும் எழுதிவைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பழைய எழுத்தில் அந்தப் பெயரின் பின்பாதி ‘மிர்’ அல்ல, ‘மேர்’. பழைய ஜெர்மானியப் பெயர்களில் ‘பெரிய, புகழ்பெற்ற’ என்ற பொருளில் வரும் துண்டுக்கு உறவு, வால்தெமார் என்ற பெயரில் இருப்பது போல. ‘ஆட்சியில் பெரியவன்’ என்பதுதான் பழைய பொருள். மக்கள் தமக்குத் தெரிந்த ‘மிர்’ என்ற சொல்லை அதில் பின்னால் கேட்டுக்கொண்டார்கள்.

விளாதிமிர் புதினும் வொலோதிமிர் செலென்ஸ்கியும் பெயரளவில் ஒருவரே. கிழக்கு ஸ்லாவிய நாக்கு ‘விளா’வை ‘வொலோ’ என்று நீட்டும். தெற்கு ஸ்லாவிய நாக்கு நீட்டாது. பல்கேரியா வழியாக வந்த சர்ச் மொழி தெற்கத்தி மொழி. ரஷ்யர்கள் சர்ச் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள், உக்ரைனியர்கள் வீட்டு வடிவத்தை வைத்துக்கொண்டார்கள். நகரம் என்ற சொல்லிலும் இதே பிளவு: நோவ்கரோதில் இருப்பது ரஷ்ய ‘கோரோத்’, பெல்கிரேடில் இருப்பது தெற்கத்தி ‘கிராத்’. லெனின்கிராத், ஸ்டாலின்கிராத் என்று பெயர் வைத்தவர்கள் கடவுள் மறுப்பாளர்கள். ஆனாலும் கம்பீரம் வேண்டும் என்றபோது கை நீண்டது சர்ச் மொழியின் ‘கிராத்’ பக்கம்தான்!

அடுத்தது பலரும் தவறவிடும் இடம். ரஷ்யப் பெயர் என்றதும் நமக்கு வாயில் வருவது இவான், நத்தாஷா, ஓல்கா, ஈகோர். இவற்றில் ஒன்றுகூட ஸ்லாவியப் பெயர் இல்லை. இவான் எபிரேய யோவான். நத்தாஷா லத்தீன் நத்தாலியா. ஓல்காவும் ஒலெக்கும் ஈகோரும் வடக்கேயிருந்து படகில் வந்த ஸ்காண்டிநேவியப் பெயர்கள்: ஹெல்கா, ஹெல்கி, இங்வார். 988-இல் கீவின் விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கே வசீலி என்ற கிரேக்கப் பெயர் கிடைத்தது. அதன்பின் சில தலைமுறைகளுக்கு இளவரசர்களுக்கு இரண்டு பெயர்கள், வீட்டுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. மேலே சொன்ன யாரொஸ்லாவின் கோயில் பெயர் கியோர்கி, பேச்சில் யூரி. அவர் வீட்டுப் பெயரால் யாரொஸ்லாவ்ல் எழுந்தது. 1030-இல் எஸ்தோனியர் நாட்டில் ஒரு கோட்டை பிடித்தபோது கோயில் பெயரால் யூரியெவ் என்று வைத்தார். இன்றைய எஸ்தோனியாவின் பல்கலைக்கழக நகரமான தார்த்துதான் அது. ஒரே ஆள், இரண்டு பெயர், இரண்டு ஊர். ஒன்றில் பழைய ஒட்டு, மற்றதில் புதிய ஒட்டு. இதைவிடக் கச்சிதமான உதாரணம் இந்தத் துறையில் எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு கோயில் பெயர் வீட்டுப் பெயரை விரட்டிவிட்டது. குழந்தைக்குப் பெயர் என்றால் புனிதர் நாள்காட்டியைப் புரட்டு என்றானது. நாள்காட்டியில் ஏறிய ஸ்லாவியப் பெயர்கள் மிகச் சில. விளாதிமிர் ஏறினார், புனிதரானதால். வேரா, நாதெஷ்தா, ல்யுபோவ் (நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு) ஏறின, கிரேக்கப் புனிதைகளின் பெயர்களை அப்படியே மொழிபெயர்த்ததால். ஸ்வெத்லானா? ஒளி பொருந்திய, அசல் ஸ்லாவியப் பெயர் போலத் தோன்றும். அது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர்கள் உண்டாக்கிய பெயர். 1813-இல் வெளியான ஷுகோவ்ஸ்கியின் கதைப்பாடலால் பரவியது. பாதிரியார் அந்தப் பெயரில் ஞானஸ்நானம் தர மாட்டார், ஃபொத்தினா என்று கிரேக்கத்தில் எழுதிக்கொள்வார். புரட்சிக்குப் பிறகுதான் வீட்டுக்கு வீடு ஸ்வெத்லானா. ஸ்டாலின் மகளுக்கும் அதே பெயர்.

அப்படியானால் சர்ச் தள்ளிவைத்த ஆயிரக்கணக்கான பழைய பெயர்கள் எங்கே போயின? குடும்பப் பெயர்களுக்குள் போய் ஒளிந்துகொண்டன. இந்த விஷயத்தில் சுவையான பகுதி இதுதான் என்பேன். நெக்ராசோவ் என்ற பெயருக்குள் நெக்ராஸ் இருக்கிறான்: அழகில்லாதவன். நெனாஷெவுக்குள் நெனாஷ்: நம்முடையவன் அல்லன். நெஷ்தானோவுக்குள் நெஷ்தான்: எதிர்பாராமல் வந்தவன். எந்தப் பெற்றோர் பிள்ளைக்கு ‘நம்ம பிள்ளை இல்லை’ என்று பெயர் வைப்பார்கள்? குப்பைமேட்டில் புரட்டியெடுத்துக் குப்புசாமி, யாரிடமோ பிச்சை வாங்கியது போலப் பாவித்துப் பிச்சை என்று பெயரிட்ட நம் பாட்டிகளிடம் கேளுங்கள், சொல்வார்கள். முன்னால் பிறந்தவை தங்கவில்லை என்றால், இந்தப் பிள்ளை யாருக்கும் வேண்டாதது என்று எமனுக்குக் காட்டவேண்டும். காவிரிக் கரையிலும் வோல்கா கரையிலும் தாய்களுக்கு ஒரே பயம்.

செர்பிய மொழிக்கு எழுத்துச் சீர்திருத்தம் செய்த வூக் கராஜிச் 1787-இல் பிறந்தார். முன்னால் பிறந்த குழந்தைகள் தொடர்ந்து இறந்ததால் அவருக்கு ‘வூக்’, ஓநாய், என்று பெயரிட்டார்கள். சூனியக்காரிகள் ஓநாயை நெருங்க மாட்டார்கள் என்று நம்பிக்கை. பல்கேரியாவில் ஸ்தொயான் என்றால் ‘நில், போய்விடாதே’. ஷிவ்கோ என்றால் ‘உயிரோடிரு’. 1954 முதல் 1989 வரை பல்கேரியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் இருந்த தோதோர் ஷிவ்கோவின் குடும்பப் பெயர் அந்த வேண்டுதல்தான்.

வேண்டிப் பெற்றதற்கும் பெயர் உண்டு. ஷ்தான் என்றால் ‘காத்திருந்து பெற்றவன்’, அதிலிருந்து ஷ்தானோவ். மரியூபோல் நகரத்துக்கு 1948 முதல் 1989 வரை ஷ்தானோவ் என்று பெயர், அங்கே பிறந்த சோவியத் தலைவர் ஒருவர் நினைவாக. எண்ணிக்கையையும் விடவில்லை: மூன்றாவதாகப் பிறந்தவன் த்ரெத்யாக். மாஸ்கோவின் புகழ்பெற்ற த்ரெத்யாகோவ் ஓவியக்கூடத்தின் வாசலில், பெயர் தெரியாத ஏதோ ஒரு வீட்டின் மூன்றாவது பையன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான்.

மேற்கே, கத்தோலிக்கப் பக்கத்தில், கதை வேறு. அங்கே பழைய பெயர் கொண்டவர்களே சீக்கிரம் புனிதர்களாகிவிட்டார்கள்: போஹேமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) லுத்மிலா, வாத்ஸ்லாவ்; 997-இல் கொல்லப்பட்ட வொய்ச்சியெஹ்; க்ராக்கோவின் ஆயராக இருந்து 1079-இல் அரசனின் கையால் மாண்ட ஸ்தனிஸ்லாவ். புனிதர் பெயரென்றால் பாதிரியார் மறுக்க முடியுமா? அதனால்தான் போலந்திலும் செக் நாட்டிலும் அந்தப் பெயர்கள் இன்றுவரை தொட்டிலில் இருக்கின்றன.

போலந்தின் ‘ஸ்கி’ என்பதும் ‘உடைய’ குடும்பம்தான், ஆனால் அது ஆளைக் காட்டாது, இடத்தைக் காட்டும். தார்னூஃப் ஊருக்கு உரியவர் தார்னோவ்ஸ்கி. ஊரை உடைமையாகக் கொண்ட பிரபுக்களின் அடையாளமாகத் தொடங்கி, கௌரவமாக ஒலிக்கிறதே என்று எல்லோரும் ஒட்டிக்கொண்டது பிறகு. இங்கே ஒரு சங்கிலி உருவாகிறது: யான் என்ற ஆள், யானுடைய ஊர் யானூஃப், யானூஃப்காரர் யானோவ்ஸ்கி. பெயர் ஊராகி, ஊர் குடும்பமாகிறது. சில நேரம் சங்கிலி இன்னொரு சுற்றும் சுற்றும். 1662-இல் போலந்துப் பிரபுக்களான பொதோத்ஸ்கி குடும்பத்தார் தம் வீட்டு ஸ்தனிஸ்லாவ் ஒருவரின் பெயரில் ஸ்தனிஸ்லவூஃப் என்ற கோட்டை நகரத்தை நிறுவினார்கள். 1962-இல் சோவியத் அரசு அதைக் கவிஞர் இவான் ஃப்ராங்கோவின் பெயரில் இவானோ-ஃப்ராங்கீவ்ஸ்க் என்று மாற்றியது. ஆள் மாறினார், ஒட்டும் மாறியது, ‘இன்னாருடைய ஊர்’ என்ற அமைப்பு மட்டும் மாறவில்லை.

ஓர் ஆளுடைய ஊர் போல, ஓர் ஆளின் மக்களுடைய ஊரும் உண்டு. செக் நாட்டில் ‘ஓவித்ஸெ’ என்று முடிபவை அப்படி. செஸ்கே புதெயோவித்ஸெ என்றால் புதிவோய் என்பவனின் ஆட்கள் வாழ்ந்த இடம். புதி (விழிக்கச் செய்) + வோய் (போர்வீரன்). 1265-இல் அரசர் இரண்டாம் ஒத்தகார் அங்கே நகரம் அமைத்தார். ஜெர்மானியர் அதை புத்வைஸ் என்று சுருக்கினார்கள். அந்த ஊர்ச் சரக்கு ‘புத்வைஸர்’. ஆம், பட்வைசர் பீர். உலகம் முழுக்கப் பெட்டி பெட்டியாக விற்கும் அந்தத் தகர டப்பாவின் மேல் இருப்பது, வேறெந்த அடையாளமும் விட்டுப்போகாத ஒரு போஹேமியக்காரன்.

இப்படி ஊர்ப்பெயரை உரித்து ஆளைக் கண்டுபிடிக்கும் ஆசை சிலரை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு பிராத்திஸ்லாவா சாட்சி. ஸ்லோவாக்கியத் தலைநகரத்தின் பெயரைப் பார்த்தால் ஆயிரமாண்டுப் பழமை சொட்டும். உண்மையில் அது 1919-இல் அதிகாரபூர்வமான பெயர். அதற்கு முன் ஜெர்மானியருக்கு ப்ரெஸ்பூர்க், ஹங்கேரியருக்கு போஸோனி, ஸ்லோவாக்கியருக்கே ப்ரெஷ்போரோக். 907-ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில் ‘ப்ரெஸலவுஸ்பூர்க்’ என்று ஓர் இடம் வருகிறது. 19-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஷஃபாரிக் அதைப் பார்த்து, போஹேமிய அரசர் ப்ரெத்திஸ்லாவ் நிறுவிய நகரம் போலும் என்று ஊகித்தார். அந்த அரசர் வாழ்ந்தது 11-ஆம் நூற்றாண்டில், கணக்கு உதைக்கிறது. ஆனால் ஸ்லோவாக்கிய தேசிய இளைஞர்களுக்கு அந்த ஊகம் இனித்தது. ஹங்கேரியிடமிருந்து பிரிந்தபோது, அமெரிக்க அதிபர் வில்சன் பெயரால் ‘வில்சன் நகரம்’ என்று வைக்கலாமா என்றுகூட யோசித்துவிட்டு, இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். தவறான ஆராய்ச்சியில் பிறந்த பெயர் சரியான தலைநகரமாகிவிட்டது. எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை, அழகான பெயர்.

வாலை வைத்து நாட்டைச் சொல்ல முடியுமா என்பதையும் வேகமாகப் பார்த்துவிடலாம். ‘ஓவ், எவ், இன்’ ரஷ்யா. ‘ஓவ், எவ்’ பல்கேரியாவும்கூட. ‘என்கோ’ உக்ரைன்: ஷெவ்சென்கோ என்றால் செருப்புத் தைப்பவரின் பிள்ளை. ‘உக், சுக்’ பெரும்பாலும் உக்ரைனின் மேற்குப் பக்கம்: இவான்சுக். ‘இச்’ செர்பியா, குரோஷியா, போஸ்னியா. ‘சின்ன’ என்ற செல்லத்தோடு ‘மகன்’ என்று பொருள். ரஷ்யர்களின் நடுப்பெயரான தந்தைப் பெயரிலும் அதன் உறவுதான்: விளாதிமிரோவிச். ஒரு காலத்தில் மாஸ்கோ அரசில் ‘விச்’ போட்டு எழுதப்படுவதே உயர்குடிச் சலுகை. இன்று எல்லோருக்கும் உண்டு. பள்ளி ஆசிரியையைப் பிள்ளைகள் மரியா இவானோவ்னா என்று தந்தைப் பெயர் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். நம் ‘டீச்சர்’, ‘அம்மா’வில் இருக்கும் மரியாதை அங்கே அப்பா பெயரில் இருக்கிறது.

வாலுக்கு அரசியலும் உண்டு. உஸ்பெகிஸ்தானின் கரீமோவ், அஸர்பைஜானின் அலியெவ்: அரபுப் பெயர், ரஷ்ய ‘உடைய’. தஜிகிஸ்தான் அதிபர் ரஹ்மோனோவ் 2007-இல் அந்த ‘ஓவ்’வை வெட்டிவிட்டு ரஹ்மோன் ஆனார். மாசிடோனியாவில் ஒரே குடும்பம், பல்கேரிய ஆட்சியில் கியோர்கியெவ், செர்பிய ஆட்சியில் கியோர்கியெவிச், யூகோஸ்லாவிய மாசிடோனியாவில் கியோர்கியெவ்ஸ்கி என்று வால் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. தாத்தா, அப்பா, பிள்ளை மூவரின் கல்லறைக் கல்லையும் பார்த்தால் மூன்று குடும்பம் என்று நினைப்பீர்கள். செக் நாட்டில் சண்டை வேறு: பெண்ணின் குடும்பப் பெயருக்கு ‘ஓவா’ சேர்த்தே ஆகவேண்டுமா? 2022 முதல் சேர்க்காமல் பதிவு செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது.

நண்பரின் சதுரங்கப் பட்டியலுக்குத் திரும்புகிறேன். கார்ப்போவ், ‘கார்ப்’ என்ற கிரேக்கப் பெயரின் ‘உடைய’. காஸ்பரோவின் அம்மா ஆர்மீனியர், குடும்பப் பெயர் காஸ்பர்யான். அந்த ஆர்மீனிய ‘யான்’ போய் ரஷ்ய ‘ஓவ்’ வந்தது. 2008-இல் ஆனந்திடம் தோற்ற க்ராம்னிக்கின் பெயருக்கு உக்ரைனிய மொழியில் கடைக்காரர் என்று பொருள். 2010-இல் தோற்ற தொபாலோவின் பெயரில் இருப்பது துருக்கிய ‘தொபால்’, நொண்டி.

2021-இல் துபாயில் கார்ல்சனை எதிர்த்து ஆடிய இயான் நெபோம்னியாஷியை நண்பர் விட்டுவிட்டார். வாயில் நுழையாத பெயர் என்பதால் இருக்கலாம். அதில் ஓவ் இல்லை, இன் இல்லை, ஸ்கி இல்லை. ஜார் காலத்து சைபீரியாவில், தப்பி ஓடிய கைதிகளும் பண்ணையடிமைகளும் பிடிபட்டால், ‘உன் பெயர் என்ன, நீ யாருடைய ஆள்?’ என்று அதிகாரி கேட்பார். உண்மையைச் சொன்னால் சவுக்கடி, பழைய தண்டனைக்கு மேல் புதிய தண்டனை. அதனால் ஒருவர் பின் ஒருவராக ஒரே பதிலைச் சொன்னார்கள். குமாஸ்தாவும் சலித்துப்போய் அந்தப் பதிலையே பெயர் எழுதும் இடத்தில் எழுதிக்கொண்டார்: நெபோம்னியாஷி, ‘ஞாபகமில்லாதவன்’.